நாலு விரல் இடம்

பாலைமேடு,
ஸ்கந்தபுரம்.
09.02.2025

அன்பின் விமலாக்கா,

நாங்கள் இஞ்ச மூச்சு விட்டுக்கொண்டு இருக்கிறம். நீங்களும் மகள் பிரஷாந்தினியும் புதுப் பேரனும் நெளுக்குளத்தில சுகமாய் இருக்கோணும் எண்டு மனதார நினைச்சுக்கொண்டு எழுதுறன். பிள்ளை பால் குடிக்கிறானோ, இல்லாட்டித் தகப்பனை மாதிரிக் கத்திக்கொண்டு கிடக்கிறானோ?

கையில போன் இருக்க ஏன் கடிதம் எண்டு யோசிப்பியள். போன கிழமை நான் உங்களோட போனில கதைச்சதை உங்கட மருமகன் ஜெயந்தன் ஸ்பீக்கரில கேட்டுப்போட்டு, இஞ்சால வந்த நேரம் வயிரவர் கோவிலடியில நிண்டு நாலு பேருக்கு என்ர குரலிலயே கதைச்சுக் காட்டினவராம். அதைக் கேட்ட நாளில இருந்து எனக்குப் போனைத் தொடவே அரியண்டமாய்க் கிடக்கு. கிருபன் செவ்வாயும் வெள்ளியும் மரக்கறி ஏத்திக்கொண்டு வவுனியாச் சந்தைக்கு வாறவன்தானே. இனி அவனிட்டக் குடுத்து விடுறன். உங்கட கையைத் தவிர வேற கையில குடுக்கக் கூடாது எண்டு சொல்லியிருக்கிறன்.

நீங்கள் மாதர் சங்கத் தலைவியாய் இஞ்ச நிண்ட காலத்தில பொதுநோக்கு மண்டபம் எப்பிடிக் கிடந்தது. இப்ப வந்து பாத்தியளெண்டால் சத்தி எடுப்பியள். நேற்று வகுப்புக்குத் திறக்கிறன், உள்ளுக்கு ஆட்டுப் புழுக்கை, மூலையில வெத்திலைத் துப்பல், யன்னலடியில ஆரோ திண்டுபோட்ட மீன் முள்ளு, அதில மொய்க்கிற இலையான். சீட்டு விளையாடுற கோஷ்டிதான். பொன்னையா அண்ணையைக் கேட்டன், "அண்ணை, உங்கட வீட்டு விறாந்தையில துப்புவியளோ?" எண்டு. "இது பொது இடம்தானே பிள்ளை" எண்டார். பொது இடமெண்டால் துப்பலாம் எண்டு அவருக்கு ஆர் சொல்லிக் குடுத்ததோ தெரியாது. நாலு வாளி தண்ணி ஊத்திக் கழுவினன். அண்டைக்கு எனக்குச் சோறு இறங்கேல்லை.

சரி, அரியண்டத்தை விடுவம். நல்ல செய்தி ஒண்டு இருக்கு. நீங்கள் தொடங்கி வைச்ச இலவச எழுத்து வகுப்பில இப்ப இருபத்திமூண்டு பேர். காலமை முன்பள்ளியில சின்னனுகளுக்கு எழுதப் பழக்கிறன், சனிக்கிழமை பின்னேரம் வளந்த பெம்பிளையளுக்கு. எங்கட வடிவம்மா இருக்கிறா எல்லே, பழனியாண்டி அண்ணையின்ர மனுசி. என்ர அப்பா அம்மாவைப் போல மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில இருந்து பதினாறு வயசில இஞ்ச வந்த நாள் தொடக்கம் நிவாரணம், முகாம், வீட்டுத்திட்டம் எண்டு எல்லாத்துக்கும் பெருவிரலை மையில தோய்ச்சே அவாவுக்குக் காலம் போச்சு. நேற்று தன்ர கையெழுத்தைத் தானே வைச்சா. "எம்பேரு இம்புட்டு நீளமா புள்ள?" எண்டு கேட்டா. எழுதி முடிச்சுப்போட்டுப் பக்கத்தில ஒரு செவ்வரத்தம்பூவும் கீறினா. "எழுத்துதான் கோணலா இருக்கு, பூவாச்சும் ஒழுங்கா இருக்கட்டும்" எண்டா.

நான் அவைக்கு வீண் பாட்டெல்லாம் எழுதப் பழக்கேல்லை. எந்தக் கந்தோருக்குப் போனாலும் எங்களிட்டக் கேக்கிறது பேர், அடையாள அட்டை இலக்கம், கையெழுத்து. அதைத்தான் ஒரு புல்ஸ்காப் தாளில வரிசையாய் எழுதுவிச்சன். அந்தத் தாளை உங்களுக்கு எண்டு இதோட வைச்சிருக்கிறன். முதல் வரிசை நான் எழுதிக் காட்டினது. அதுக்குக் கீழ மிச்சப் பேர். மேல நாலு விரல் இடம் விட்டிருக்கிறம் பாத்தியளே. நீங்கள் எனக்குப் பழக்கினதுதான். எந்தக் கடிதமெண்டாலும் மேல நாலு விரல் இடம் விடோணும், அதுதான் வாசிக்கிற ஆளுக்குக் குடுக்கிற மரியாதை எண்டு சொல்லுவியள்.

பாத்திட்டு ரெண்டு வரி எழுதுங்கோ. அவைக்கு வாசிச்சுக் காட்டோணும்.

என்றும் உங்கள் அன்புத் தங்கை,
பிரேமிளா

*

சிவமயம்

நெளுக்குளம்,
வவுனியா.
14.02.2025

அன்புள்ள பிள்ளை பிரேமிளா,

உம்மட கடிதமும் கிருபன் கொண்டுவந்து தந்த முருங்கைக்காயும் கிடைச்சுது. தாளைப் பாத்திட்டு நான் கொஞ்ச நேரம் குசினிக்குள்ள போய் நிண்டு அழுதனான். வடிவம்மாவின்ர பூவை விரலால தடவிப் பாத்தன். இப்பிடி ஒரு நாள் வரும் எண்டு வகுப்பைத் தொடங்கேக்க நான் நினைக்கவே இல்லை. எல்லாருக்கும் என்ர அன்பைச் சொல்லும். நீர்தான் அவையின்ர கண்ணைத் திறந்து விட்டனீர்.

இஞ்ச என்ர சீவியத்தைக் கேளாதேயும். வீட்டுக்கு முன்னால வாய்க்கால் அடைச்சுப் போய் நாறுது. யன்னலைத் திறந்தால் நாத்தம், பூட்டினால் வெக்கை. பிள்ளைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. ஜெயந்தனின்ர டிப்பர் ரெண்டு மாசமாய் ஓட்டமில்லாமல் முத்தத்தில நிக்குது. அவர் வீட்டுக்குள்ள நிக்கிறார். பின்னேரமானால் போத்தலும் கையுமாய்க் கதிரையில இருந்து பிரஷாந்தினியைப் பேசிக்கொண்டிருப்பார். பெத்த வயிறு எரியுது. நான் வாயைத் திறக்கிறேல்லை, இருக்கிறது மருமகன் வீடு.

உம்மட தாளை மேசையில வைச்சிருந்தனான். ஜெயந்தன் எடுத்துப் பாத்திட்டு, "இதெல்லாம் பாலைமேட்டு ஆக்களே?" எண்டு கேட்டவர். ஓம் எண்டனான். அவரும் சந்தோசப்பட்டார் போல கிடக்கு, கனநேரம் பாத்துக்கொண்டிருந்தவர்.

மண்டபத்தைப் பூட்டித் திறப்பைப் பொன்னையாவிட்டக் குடுக்காதேயும். அடுத்த முறை கிருபனிட்டக் கொஞ்சம் உழுந்து குடுத்து விடும்.

அன்புடன்,
விமலாக்கா

*

பாலைமேடு,
ஸ்கந்தபுரம்.
09.03.2025

அன்பின் விமலாக்கா,

உழுந்து அனுப்பியிருக்கிறன். கல்லிருக்கும், பாத்துப் புடையுங்கோ. பேரனின்ர வேர்க்குருவுக்கு வேப்பிலை அவிச்ச தண்ணியில குளிக்க வார்த்து விடுங்கோ.

இந்த முறை நல்ல செய்தி ஒண்டும் இல்லை. கிராம சேவையாளரின்ர பலகையில ஒரு அறிவித்தல் ஒட்டியிருக்கு. எங்கட மேட்டில கிரவல் மண் அள்ள ஒரு கொம்பனி கேட்டிருக்காம். சனத்தின்ர கருத்தைக் கேக்கிற கூட்டம் மார்ச் 25, செவ்வாய்க்கிழமை, காலமை பத்து மணிக்கு எங்கட மண்டபத்தில. கூலிக்குப் போற சனம் செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு எங்க நிக்கும் எண்டு தெரிஞ்சுதான் நாள் வைக்கிறாங்கள். அறிவித்தலையும் மலேரியா விளம்பரக் கடதாசிக்குப் பின்னால, அரைவாசி மறையத்தான் ஒட்டியிருக்கு. வகுப்புப் பெம்பிளையள்தான் எழுத்துக்கூட்டி வாசிச்சுக் கண்டு பிடிச்சவை. இல்லாட்டி ஒருத்தருக்கும் தெரியாமல் போயிருக்கும்.

அதுக்கு முன்னம் நடந்த கூத்தைக் கேளுங்கோ. கொம்பனி எங்களுக்கு இலவச வகுப்பு வைச்சது. என்ன வகுப்பு எண்டு நினைக்கிறியள், கேக்கில ஐசிங் போடுற வகுப்பு. பாலைமேட்டில கேக் சுடுற போறணை எத்தினை இருக்கு எண்டு உங்களுக்குத் தெரியும், ஒண்டுமில்லை. கொழும்பில இருந்து ஒரு பிள்ளை வந்து கடைக் கேக்கில ரோசாப்பூ வைச்சுக் காட்டினா. முடிய ஆளுக்கொரு துண்டும் ஒரு குடையும். குடையில கொம்பனிப் பேர். எங்கட சனம் அந்தக் குடையைப் பிடிச்சுக்கொண்டு ஒழுங்கையால வரிசையாய் வந்ததைப் பாக்க எனக்கு ஓங்காளம் வந்தது. ஒரு துண்டுக் கேக்குக்கு எங்களை வாங்கலாம் எண்டு ஒருத்தன் கணக்குப் போட்டிருக்கிறானே அக்கா. வடிவம்மாவும் திண்டவாதான். "இனிப்பாதான் இருந்துச்சு, ஆனா வாய்க்குள்ளயே ஒட்டிக்கிச்சு" எண்டா.

அந்த மேடு எங்களுக்கு என்ன எண்டு நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. போன கார்த்திகை மழைக்குக் குளம் மேவிப் பாய்ஞ்ச அண்டு நாப்பது குடும்பமும் அதில ஏறித்தானே உயிர் தப்பினது. ஏழு மாச வயித்தோட நிண்ட பிரஷாந்தினியையும் கூட்டிக்கொண்டு நீங்களும் ரெண்டு நாள் அதில தார்ப்பாளுக்குக் கீழ இருந்தனீங்கள். வடிவம்மா தான் குந்தியிருந்த சாக்கை எடுத்து விரிச்சு அவளைப் படுக்க விட்டவா. அதைக் கிண்டிக் கிடங்காக்கினால் அடுத்த மழைக்கு நாங்கள் எங்க ஏறுறது?

நீங்கள் கட்டாயம் வரோணும். நீங்கள் சங்கத் தலைவி, சொன்னால் கந்தோர் ஆக்கள் கேப்பினம். நான் சொன்னால் முன்பள்ளி ரீச்சர் எண்டு சிரிப்பினம். கிருபன் திங்கட்கிழமை வந்து உங்களை ஏத்திக்கொண்டு வருவான், கேட்டு வைச்சிருக்கிறன்.

அந்தக் கையெழுத்துத் தாளையும் மறக்காமல் கொண்டு வாங்கோ. பழனியாண்டி அண்ணை தன்ர மனுசியின்ர கையெழுத்தைப் பாக்கோணும் எண்டு நிக்கிறார்.

பாத்துக்கொண்டிருக்கும் தங்கை,
பிரேமிளா

*

சிவமயம்

நெளுக்குளம்,
வவுனியா.
18.03.2025

அன்புள்ள பிரேமிளா,

உழுந்து நல்ல உழுந்து. பேரனுக்குச் சளி. நெஞ்சு கர்கர் எண்டு இழுக்குது. இந்த நிலைமையில நான் எப்பிடி விட்டிட்டு வாறது, நீரே சொல்லும். கிருபனை வர வேண்டாம் எண்டு சொல்லும்.

நான் உமக்கு மூத்தவள் எண்டபடியால் ஒண்டு சொல்லுறன். நீர் உதுக்குள்ள கனக்கத் தலையைக் குடுக்காதேயும். கொம்பனி எங்கட ஒழுங்கைக்குத் தார் போட்டுத் தருமாம். மண்டபத்துக்குக் கக்கூசும் கட்டித் தருமாம். எத்தினை வருசமாய் நாங்கள் கக்கூசுக்குக் கடிதம் எழுதினனாங்கள், ஒருத்தராவது திரும்பிப் பாத்தவையே. மேடு முழுக்க அள்ள மாட்டினம், ஒரு பக்கத்தாலதான் எண்டு கதை. உமக்கு முன்பள்ளி வேலை இருக்கு. பேரைக் கெடுத்துக் கொள்ளாதேயும்.

இஞ்ச இப்ப கொஞ்சம் நிம்மதி. ஜெயந்தன் குடிக்கிறதை விட்டிட்டார். டிப்பருக்கு நல்ல ஓட்டம் ஒண்டு வருமாம் எண்டு சந்தோசமாய் இருக்கிறார். நேற்றுப் பிரஷாந்தினிக்கு மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு வந்தவர். அதைப் பாக்க எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமே.

தாள் அலுமாரிக்குள்ள எங்கயோ கிடக்கும். பேந்து தேடி அனுப்புறன்.

அன்புடன்,
விமலாக்கா

*

பாலைமேடு,
ஸ்கந்தபுரம்.
26.03.2025

விமலாக்கா,

பேரனின்ர சளி சுகமோ எண்டு கேட்டு எழுதத்தான் தாளை எடுத்தனான். கை வரேல்லை. நேற்றுக் கூட்டத்தில நடந்ததை முதல் சொல்லுறன்.

மண்டபத்தில எங்கட துப்பலுக்கு மேல ஒரு சிவப்புக் கம்பளம் விரிச்சு வைச்சிருந்தாங்கள். முன்னால கந்தோர் ஆக்களுக்கு வெள்ளைத் துணி போட்ட கதிரை, தண்ணிப் போத்தல், ரோல்ஸ் பெட்டி. எங்களுக்குப் பாய். எங்களில முப்பது பேர் மட்டில வந்தவை, வேலையை விட்டிட்டு. கொம்பனிக்காரர் படம் போட்டுக் காட்டினார். படத்தில எங்கட மேட்டுக்குப் பதிலாய் ஒரு நீலக் குளமும் வாத்தும். அள்ளி முடிய அப்பிடி வருமாம். எங்களுக்கு வாத்துக் காட்டுறாங்கள் அக்கா.

கந்தோர்ப் பெரியவர் பாவம், நல்ல மனுசன் மாதிரித்தான் கிடந்தார், ஆனால் ஒரு கண்ணில போன். கடைசியாய் ஒரு பைலைப் பிரிச்சு, "இந்த மேட்டுக்குக் கிட்ட இருக்கிற இருபத்திநாலு பேர் முன்னமே எழுத்தில சம்மதம் தந்திருக்கினம், வேற ஆட்சேபனை இருந்தால் சொல்லுங்கோ" எண்டார்.

நான் எழும்பினன். ஆர் அந்த இருபத்திநாலு பேர் எண்டு கேட்டன். போட்டோக்கொப்பியை என்ர கையில தந்தார்.

முதல் பேர் என்ர பேர்.

அடுத்த அடுத்த பேரெல்லாம் எங்கட வகுப்புப் பெம்பிளையள். பின்னால நிண்டு வடிவம்மா எட்டிப் பாத்தா. வாசிக்கக் கூட இல்லை. விரலை நீட்டி, "இது எம்பூவு" எண்டா. அவ்வளவுதான் சொன்னது. பிறகு என்ர முகத்தைப் பாத்தா. முகாமில, பதுங்கு குழியில எல்லாம் அந்த மனுசியைப் பாத்திருக்கிறன், அப்பிடி ஒரு பார்வையை நான் கண்டதில்லை.

சனம் முழுக்க என்னைத் திரும்பிப் பாத்தது. தாள் என்ர கையில இருந்தது எண்டு எல்லாருக்கும் தெரியும். பழனியாண்டி அண்ணை எழும்பி, "எம்பொண்டாட்டிக்குக் கையெழுத்து பழக்குனது இதுக்குத்தானா டீச்சர்?" எண்டு கேட்டார். பெரியவர்தான் கையைக் காட்டி, இது எப்பிடி எடுத்த கையெழுத்து எண்டு எழுத்தில ஆதாரம் தாங்கோ, ஏப்ரல் 29 திரும்பக் கூடுவம் எண்டு சொல்லி முடிச்சார். ரோல்ஸ் பெட்டியை எங்கட சனத்துக்கும் நீட்டினாங்கள். ஒருத்தரும் எடுக்கேல்லை. அதொண்டுதான் நேற்று நான் கண்ட வடிவான காட்சி.

இண்டைக்குக் காலமை முன்பள்ளிக்குப் பதினெட்டுப் பிள்ளையளில நாலு பேர் வந்தவை.

இனி உங்களிட்டக் கேக்கிறன். அந்தத் தாளை நான் உங்களைத் தவிர வேற ஆருக்கும் குடுக்கேல்லை. நாங்கள் மரியாதைக்கு விட்ட நாலு விரல் இடத்தில, "மேற்படி காணியில் கிரவல் அகழ்வதற்குக் கீழே கையொப்பமிடும் நாங்கள் மனப்பூர்வமாகச் சம்மதிக்கின்றோம்" எண்டு எழுதியிருக்கு. நல்ல உருண்டை எழுத்து. அதுக்கும் மேல, நடுவில, "சிவமயம்". கிரவல் கிடங்குக்கு ஆராவது சிவமயம் போட்டுத் தொடங்குவினமே அக்கா? ஒரே ஒரு ஆளைத்தான் எனக்குத் தெரியும். பால் கணக்கு எழுதினாலும் மேல சிவமயம் போடுற ஆள்.

நான் பிழையாய் நினைக்கிறன் எண்டு எழுதுங்கோ. கும்பிட்டுக் கேக்கிறன். பிழையில்லை எண்டால், 29ஆம் திகதி வந்து சனத்துக்கு முன்னால நடந்ததைச் சொல்லுங்கோ. நான் உங்களைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு பக்கத்தில நிப்பன். ஆரும் ஒரு வார்த்தை சொல்ல விடமாட்டன்.

பிரேமிளா

*

சிவமயம்

நெளுக்குளம்,
வவுனியா.
08.04.2025

என்ர பிள்ளை பிரேமிளா,

ரெண்டு கிழமையாய் எழுதிக் கிழிச்சு எழுதிக் கிழிச்சு, இது ஆறாவது தாள்.

நான்தான் எழுதினனான். உம்மட்டப் பொய் சொல்ல எனக்கு ஏலாது. தாளை மேசையில கண்ட அண்டே ஜெயந்தன் கேட்டவர், "மாமி, மேல இடம் கிடக்கு, உங்கட எழுத்தும் வடிவு, ரெண்டு வரி எழுதித் தாங்கோ" எண்டு. ஊர்ச் சனத்தின்ர சம்மதத்தை எடுத்துக் குடுத்தால் அவரின்ர டிப்பரைக் கொம்பனி எடுக்குமாம். நான் ஒரு கிழமை மாட்டன் எண்டு நிண்டனான். ஒரு நாள் அவர் பிரஷாந்தினியின்ர உடுப்பையும் பிள்ளையின்ர துணியையும் உரப்பையில அள்ளிக் கட்டி வாசலில எறிஞ்சு, தாயும் பிள்ளையும் இறங்குங்கோ எண்டார். பிள்ளை அண்டைக்கு முப்பத்தொண்டு நாளும் முடியாத பச்சைப் பாலன். அவள் என்ர காலைப் பிடிச்சுக்கொண்டு அழுதாள். எழுதிக் குடுத்தன். சிவமயம் போட்டது எனக்கே தெரியாது, கை பழகிப் போச்சு.

நீரும் கொஞ்சம் யோசிச்சுப் பாரும். அந்த மேட்டுக்கு உங்கட ஆக்களிட்டக் காணிப் பெர்மிற்றும் இல்லை, உறுதியும் இல்லை. இண்டைக்கு இல்லாட்டி நாளைக்கு ஆரோ அள்ளத்தான் போறாங்கள். உங்கட ஆக்கள் எங்க கொண்டு போய் விட்டாலும் இருந்து பழகின சனம். என்ர பிள்ளைக்கு வேற போக்கிடம் இல்லை. இதை நான் கோவத்தில எழுதேல்லை, உள்ளதைத்தான் எழுதுறன்.

கூட்டத்துக்கு என்னால வர ஏலாது. வந்தால் என்ர மகளின்ர வாழ்க்கை முடிஞ்சுது. எங்கட சனம் ரெண்டு மாசம் பேசும், பேந்து மறந்திடும். உம்மைப் பற்றின கதையும் அடங்கிப் போகும்.

இதை வாசிச்ச உடன எரிச்சுப் போடும். என்னில இருக்கிற அன்புக்கு இதைச் செய்வீர் எண்டு தெரியும். சித்திரை வருசத்துக்கு உமக்கு ஒரு சேலை குடுத்து விடுறன். பச்சைக் கரை, உமக்கு எடுப்பாய் இருக்கும்.

மன்னிப்பீர் எண்ட நம்பிக்கையுடன்,
உம்மட விமலாக்கா

*

பாலைமேடு, ஸ்கந்தபுரம். 30.04.2025
திருமதி விமலேஸ்வரி பாலன் அவர்கட்கு,

நான் எரிக்கேல்லை.

அடுப்படிக்குக் கொண்டு போனனான், அதையும் சொல்லிப்போடுறன். நெருப்பும் மூட்டி வைச்சனான். முதல் பாதியை வாசிக்கேக்க உங்களோட சேந்து நானும் அழுதன். பிரஷாந்தினியை நினைச்சு அந்த மனுசனில காறித் துப்போணும் போல கிடந்தது. அப்பிடியே போய் உங்கட வாசலில நிண்டு அவளையும் பிள்ளையையும் இஞ்ச கூட்டிக்கொண்டு வந்திடுவமோ எண்டும் நினைச்சனான். பிறகு அடுத்த பாதி வந்தது. ஏழு வருசம் நீங்களும் நானும் ஒரு பானையில பொங்கிச் சாப்பிட்டனாங்கள். நான் ஆரின்ர ஆள், எந்தச் சனம் எண்டு நீங்கள் ஒரு நாளும் கேக்கேல்லை எண்டு பெருமையாய் ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சனான். கேக்காமலே வைச்சிருந்திருக்கிறியள். எனக்கு அரியண்டமாய்ப் போச்சு. உங்களில மட்டுமில்லை, அந்தப் பெருமையிலயும்தான். நெருப்பை நூத்திட்டு எழும்பினன்.

நேர வடிவம்மா வீட்டுக்குப் போனன். பழனியாண்டி அண்ணை இரு எண்டு சொல்லேல்லை. நிண்டபடி கடிதத்தை வடிவம்மாவிட்டக் குடுத்தன். நான் வாசிச்சால் நானே கட்டின கதை எண்டு நினைப்பினம் எண்டு, நீங்களே வாசியுங்கோ எண்டன். மனுசி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாய்க் கூட்டி வாசிச்சா. அடுப்பில வைச்ச சோறு அடிப்பிடிச்சு மணந்தது, ஒருத்தரும் எழும்பேல்லை. 'உங்கட ஆக்கள்' எண்ட இடத்தில நிப்பாட்டி, "இது யாரு புள்ள, நாமளா?" எண்டு கேட்டா. ஓம் எண்டன். திரும்ப முதலில இருந்து வாசிச்சா. முடிய அண்ணை எழும்பி எனக்கு ஒரு கதிரை கொண்டு வந்து போட்டார்.

நேற்று மண்டபம் நிறைஞ்ச சனம். ஒருத்தரும் கூலிக்குப் போகேல்லை. பெரியவர் ஆதாரம் எங்க எண்டு கேட்டார். நான் உங்கட கடிதத்தையும், நீங்கள் முன்னம் எழுதின ரெண்டையும், அந்தப் போட்டோக்கொப்பியையும் பக்கத்தில பக்கத்தில வைச்சன். நாலு உருண்டை எழுத்தும் நாலு சிவமயமும். அவர் கண்ணால பாத்தாப் போலயே விளங்கிக்கொண்டார். ஆனாலும் சனத்துக்கும் தெரியோணும், ஆராவது வாசியுங்கோ எண்டார். வடிவம்மா எழும்பினா.

ரெண்டு பக்கக் கடிதம், முக்கால் மணித்தியாலம் எடுத்தது. அந்த மனுசி சபையில வாசிச்ச முதல் கடிதம் உங்கட கடிதம்தான். சிவமயத்தையும் விடாமல் வாசிச்சா. கொம்பனிக்காரர் ரெண்டு தரம் மணிக்கூட்டைப் பாத்தார், பெரியவர் கையைக் காட்டி இருத்தினார். ஜெயந்தன் பின்கதவடியில நிண்டவர். எழுதிக் குடுக்கச் சொல்லிக் கேட்ட இடம் வந்தது, எல்லாரும் திரும்பிப் பாத்தினம். பிறகு அந்த உரப்பை வரி வந்தது. வடிவம்மா அந்த இடத்தில உள்ளங்கையை வைச்சு மூடினா. "இதுல கொஞ்சம் அவங்க வீட்டுக் கதைங்கய்யா, அந்தப் புள்ளயோட கதை. அத நான் வாசிக்க மாட்டேன்" எண்டு சொல்லிப்போட்டு, கைக்குக் கீழால மிச்சத்தை வாசிச்சா. அவாவின்ர சாக்கில படுத்த பிள்ளை எல்லே.

எனக்கு அந்த மனசு இல்லை. நானெண்டால் முழுக்க வாசிச்சிருப்பன். உங்கட மருமகன் நிண்ட இடத்தைப் பாத்து ரெண்டு தரம் வாசிச்சிருப்பன்.

உங்கட ஆக்களிட்டப் பெர்மிற் இல்லை எண்ட வரியை வாசிச்ச உடன பொன்னையா அண்ணை எழும்பினார். அவர் உங்கட பக்கத்துச் சனம்தான், தோட்டத்து வழி இல்லை, பெர்மிற் உள்ளவர், மண்டபத்தில துப்புறவர்தான். "தண்ணி வரேக்க நாங்களும் பெர்மிற்றைக் காட்டிப்போட்டே அந்த மேட்டில ஏறினனாங்கள்?" எண்டு கேட்டார். அவரை இனித் திட்டுறதுக்கு எனக்கு வாய் வராது.

சம்மதத் தாளைக் கணக்கில எடுக்கேலாது எண்டு பெரியவர் எழுதிப் போட்டார். கிரவல் விண்ணப்பத்தை நிப்பாட்டி வைச்சிருக்கினம். பொலிசுக்கும் எழுதப் போறாராம், அது அவையின்ர வேலை, நான் கேக்கேல்லை. முழுக்க வெண்டிட்டம் எண்டு நான் துள்ளிக் குதிக்கேல்லை. வாற மழைக்கு மேடு இருக்கும். அவ்வளவு தெரியும்.

முன்பள்ளிக்கு இண்டைக்குப் பதினாறு பிள்ளையள். மிச்ச ரெண்டுக்கும் கண் நோயாம். எழுத்து வகுப்பும் வாற சனி தொடங்கும். இனிக் கையெழுத்து வைக்க முதல் மேல கிடக்கிற இடத்துக்குக் குறுக்கால ஒரு கோடு இழுக்கப் பழக்கப் போறன். முதலே பழக்கியிருக்கோணும். பழக்காமல் விட்டது என்ர பிழை, அதை நினைக்கேக்க என்ர கையிலயே எனக்கு அருவருப்பு வருது.

பிரஷாந்தினிக்கு வடிவம்மா ஒரு சேதி சொல்லச் சொன்னா. உரப்பையோட அவள் திரும்ப வாசலில நிண்டாளெண்டால் கிருபனின்ர பட்டா லொறியில ஏறி இஞ்ச வரட்டுமாம். வடிவம்மா வீட்டில ஒரு அறை கிடக்காம். அது அவளுக்கும் பிள்ளைக்கும் மட்டும் சொன்ன சேதி.

பச்சைக் கரைச் சேலையைப் பிரிக்காமல் கிருபனிட்டக் குடுத்து விட்டிருக்கிறன். இனி அவனிட்ட எனக்கு எண்டு ஒண்டும் குடுக்க வேண்டாம், வாங்கக் கூடாது எண்டு சொல்லியிருக்கிறன்.

இந்தக் கடிதத்தில மேல நான் இடம் விடேல்லை. கீழயும் இல்லை, தாளின்ர கரையோட முடிக்கிறன்.
மு. பிரேமிளா
(அடையாள அட்டை இலக்கம் உங்களிட்ட இருக்கு.)